மொட்டை மாடியில் சோலார்: கேள்விகளும் பதில்களும்

சோலார் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் ‘எந்த பிராண்டு பேனல் வாங்கலாம்?’ என்பதுதான். அதற்கு நீளமாகப் பதில் எழுதப் போவதில்லை. அரசு அங்கீகாரப் பட்டியலில் உள்ள பேனல்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. கோளாறு வருவது பெரும்பாலும் தாங்கி நிற்கும் இரும்பிலும் வயரிலும் இணைப்பிலும்தான். அதைத் தொட்ட கேள்விகளை முதலில் எடுத்துக்கொண்டோம்.

இரண்டு மாதத்துக்கு 620 யூனிட் வரை ஓடுகிறது. ஒரு ஏசி, ஃப்ரிட்ஜ், தண்ணீர் மோட்டார் இருக்கின்றன. விசாரித்த கம்பெனியில் 5 கிலோவாட் போடச் சொல்கிறார்கள். அவ்வளவு வேண்டுமா?
வாசகி, மதுரை

வேண்டாம். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல் வருடச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். 2 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். உங்கள் 620-இல் மிச்சம் 140. அதில் முதல் 100 இலவசம் என்பதால் கட்ட வேண்டியது மிகச் சொற்பம். 5 கிலோவாட் போட்டால் 1,200 யூனிட் உற்பத்தியாகும், உங்கள் தேவையைப் போல இரண்டு பங்கு. மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்று லாபம் பார்க்கலாம் என்று சொல்பவரிடம் அந்தக் கணக்கை எழுத்தில் கேளுங்கள், பேச்சு மாறும்.

உங்கள் பில்லில் வலிக்கும் இடம் எது என்று பாருங்கள். 500 யூனிட்டைத் தாண்டியதும் இரண்டு அடி விழுகிறது. மேலே உள்ள யூனிட்டுகளுக்கு விலை ஏறுவது ஒன்று. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த சலுகை விலையும் போய்விடுவது இன்னொன்று. சோலார் முதலில் வெட்டுவது இந்த மேல்படிகளைத்தான். அதனால் முதல் இரண்டு கிலோவாட் சம்பாதித்துத் தரும் அளவுக்கு மூன்றாவது தராது, நான்காவது இன்னும் குறைவு. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் ஓடும் வீடுகளுக்கு சோலார் போடச் சொல்லி நாங்கள் வற்புறுத்த மாட்டோம்.

அடுத்த வருடம் இன்னொரு ஏசியோ மின்சார ஸ்கூட்டரோ வரும் என்றால் 3 கிலோவாட்டாகப் போட்டுவிடுங்கள். மத்திய அரசின் ‘பிரதமர் சூர்ய கர்’ திட்டத்தில் மானியம் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு 78,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் அதே 78,000தான்.

இடம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இப்போது வரும் 540 வாட் பேனல் ஏறத்தாழ ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம், 28 கிலோ எடை. நான்கு பேனல் சேர்ந்தால் 2.16 கிலோவாட். பேனலின் பரப்பு 112 சதுர அடிதான் என்றாலும், நடந்து துடைக்க வழிவிட்டு 200 சதுர அடி ஒதுக்குங்கள்.

ஒரு கம்பெனி தளத்தில் துளை போட்டுத்தான் கால் நிறுத்த முடியும் என்கிறது. இன்னொன்று, துளையே வேண்டாம், கான்கிரீட் கட்டைகளின் எடையே போதும் என்கிறது. தட்டோடு பதித்த மாடி. ஒழுகுமோ என்று பயமாக இருக்கிறது.
வாசகர், கடலூர்

உங்கள் ஊருக்கு இரண்டாவது கம்பெனி சொல்வது ஆபத்து. கணக்கைப் பாருங்கள்.

கட்டடங்களுக்கான காற்றழுத்தத் தரநிலை ஐஎஸ் 875, மூன்றாம் பகுதி. அதில் சென்னை, புதுச்சேரி, நாகப்பட்டினம் ஆகியவற்றுக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கடலூரும் அந்தக் கரையில்தான் இருக்கிறது. 2011 டிசம்பரில் தானே புயல் வந்த ஊருக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் அழுத்தம் கிடைக்கும்: சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், சுமார் 150 கிலோ. 3 கிலோவாட்டுக்கான ஆறு பேனலின் பரப்பு பதினைந்தரை சதுர மீட்டர். ஆக, புயலில் பேனலைத் தூக்கும் விசை இரண்டு டன்னைத் தொடலாம். ஓரடிக்கு ஓரடிக்கு ஓரடி கான்கிரீட் கட்டையின் எடை 65 முதல் 70 கிலோ. எட்டுக் கட்டை வைத்தாலும் அரை டன்தான். மதுரை, கோவை போன்ற உள்மாவட்டங்களுக்கு அடிப்படை வேகம் 39 மீட்டர். அழுத்தம் 90 கிலோ அளவுக்கு இறங்கும். அங்கேகூட எடையை மட்டும் நம்ப நாங்கள் சொல்ல மாட்டோம்.

அதற்காகத் தட்டோட்டின் மேலேயே டிரில் போட்டு போல்ட் முடுக்கினால் முதல் கம்பெனியும் தப்புதான் செய்கிறது. தட்டோட்டுக்குக் கீழே மூன்று நான்கு அங்குலத்துக்குச் சுருக்கித்தளம் (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்தது) இருக்கிறது. அதற்குப் பிடிமானம் கிடையாது. துளை வழியே இறங்கும் தண்ணீர் சுருக்கிக்குள் பரவி, எங்கோ பத்தடி தள்ளி விட்டத்தில் ஈரமாகத் தெரியும். ஒழுகும் இடம் கண்டுபிடிக்க முடியாமல் போவதற்கு இதுதான் காரணம்.

சரியான முறை இது. கால் வரும் ஒவ்வொரு இடத்திலும் ஒன்றேகால் அடிச் சதுரத்துக்குத் தட்டோட்டையும் சுருக்கியையும் வெட்டி எடுத்து, கான்கிரீட் தளத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். அந்தத் தளத்தில் 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 14 மில்லிமீட்டர் துளை, காலுக்கு நான்கு. ஆழம் 70 முதல் 80 மில்லிமீட்டர் போதும். வீட்டுத் தளத்தின் கனமே நாலரை, ஐந்து அங்குலம்தான். ஆழம் பார்க்காமல் டிரில்லை அழுத்தினால் கீழே படுக்கையறையில் பூச்சு பெயர்ந்து விழும். துளையை பிரஷ் போட்டுத் தேய்த்து, காற்றடித்து, மறுபடி தேய்த்து, மறுபடி காற்றடித்த பிறகுதான் ரசாயனப் பசையை உள்ளே விட வேண்டும். தூசி மிச்சமிருந்தால் பசை தூசியைப் பிடிக்கும், கான்கிரீட்டைப் பிடிக்காது. அவசர வேலையில் முதலில் விட்டுப்போவது இந்தச் சுத்தம்தான், பக்கத்தில் நில்லுங்கள்.

பிறகு அந்தக் கம்பிகளைச் சேர்த்து ஓரடி உயரக் கட்டையை அங்கேயே வார்க்க வேண்டும். சிமென்ட், மணல், ஜல்லிக் கலவை ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று. குறைந்தது ஏழு நாள் சாக்கு சுற்றித் தண்ணீர் விட வேண்டும். வெட்டிய சதுரத்தைத் தளத்தோடு சேர்த்து அடைத்து, கட்டையும் தளமும் சேரும் மூலையை நீர்த்தடுப்புக் கலவையால் சரிவாகப் பூசி, கட்டையின் மேல் அரையடி வரை ஏற்றிவிடுங்கள். மழைத்தண்ணீர் குழாய்க்கு ஓடும் வாட்டத்தில் கட்டை குறுக்கே நிற்கக் கூடாது. முன்கூட்டியே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி வழியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

இரும்பு விஷயத்தில், கடற்கரை ஊருக்கு 80 மைக்ரான் துத்தநாகம் முக்கி எடுத்த ஜிஐ வேண்டும். மாடியில் வைத்து அறுத்த முனைகளிலும் போட்ட துளைகளிலும் துத்தநாகம் போயிருக்கும். அங்கே துத்தநாகப் பெயின்ட் இரண்டு கை அடிக்கச் சொல்லுங்கள். நட்டு போல்ட் எல்லாம் எவர்சில்வர்.

பேனலுக்குக் கீழே வடாம் காயப்போடவும் துணி உலர்த்தவும் எட்டடி உயரத்தில் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போடலாம். ஆனால் கால்கள் வீட்டின் தூண்களுக்கோ உத்தரங்களுக்கோ நேர் மேலே வர வேண்டும், குறுக்குச் சட்டங்கள் வேண்டும். செலவும் கிலோவாட்டுக்குச் சில ஆயிரம் கூடும். உங்கள் ஊரில் தாழ்வாகப் போடுவதே நல்லது. சாய்வு 10 முதல் 12 டிகிரி, தெற்கு நோக்கி. 10 டிகிரிக்குக் கீழே போனால் மழை தூசியைக் கழுவாது, கீழ் விளிம்பில் சேறாகப் படியும்.

தண்ணீர்த் தொட்டி மாடியின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. பக்கத்து மனையில் தென்னை மரம். நிழல் கொஞ்சம் விழுந்தால் பரவாயில்லை என்கிறார்களே?
வாசகர், கும்பகோணம்

‘கொஞ்சம்’ என்பதுதான் சிக்கல். பேனலில் பத்தில் ஒரு பங்கு நிழல் விழுந்தால் மின்சாரமும் பத்தில் ஒரு பங்கு குறையும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. செல்கள் எல்லாம் சங்கிலிபோல் வரிசையாக இணைக்கப்பட்டவை. ஒரு செல் மறைந்தால் அதன் வரிசை முழுவதும் படுக்கும். பைபாஸ் டயோடு அந்த வரிசையை விலக்கிவிட்டு மற்றவற்றை ஓடவிடும். ஒரு பேனலில் மூன்று டயோடு இருக்கும். எனவே ஒரு தென்னங்கீற்றின் நிழல் பேனலில் மூன்றில் ஒரு பங்கைத் தூங்க வைக்கலாம்.

தொட்டிக்குக் கணக்கு இருக்கிறது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும் காலம்தான் நிழல் மிக நீளம். அப்போது உங்கள் அட்சரேகையில் நண்பகல் நிழல் பொருளின் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. காலை ஒன்பது மணிக்கு ஒன்றரை மடங்கு, வடமேற்காக விழும். பேனல் மட்டத்துக்கு மேலே தொட்டி 6 அடி நிற்கிறது என்றால், வடமேற்குத் திசையில் 9 அடி தள்ளி முதல் பேனலைத் தொடங்குங்கள். தெற்குக் கைப்பிடிச்சுவருக்கும் இதே கணக்குதான். வடக்குப் பக்கம் இருக்கும் தொட்டியால் பெரிய கவலையில்லை. ஆடி மாதம் பார்த்துவிட்டு ‘நிழலே இல்லை’ என்று இடம் குறித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

தென்னை வளரும், கீற்று ஆடும், தேங்காயும் விழும். மரம் தெற்கிலோ கிழக்கிலோ நின்றால் பேனலை மாடியின் மேற்குப் பாதிக்குத் தள்ளுங்கள். நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால், 10 டிகிரி சாய்வில் கிழக்கையோ மேற்கையோ பார்த்து வைத்தாலும் இழப்பு சில சதவீதம்தான். நிழலில்லாத மேற்கு, நிழல் விழும் தெற்கைவிட மேல்.

மாடியில் 3 கிலோவாட் இருந்தும் பகலில் கரண்ட் போனால் வீடும் இருட்டுதான். ஏமாற்றிவிட்டார்களா?
வாசகி, திருவண்ணாமலை

ஏமாற்றவில்லை, ஆனால் விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். பேனல் தரும் டிசி மின்சாரத்தை வீட்டில் ஓடும் ஏசி மின்சாரமாக மாற்றுவது சோலார் இன்வெர்ட்டர். மின்வாரியக் கம்பியோடு இணைந்த இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் இல்லை என்று தெரிந்ததும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. நிற்காவிட்டால் உங்கள் வீட்டு மின்சாரம் லைனில் ஏறி, கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரைத் தாக்கும்.

வீட்டில் ஏற்கெனவே பேட்டரி யுபிஎஸ் இருந்தால் விளக்குக்கும் மின்விசிறிக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள், அதுவே மலிவு. மின்வெட்டு அதிகமான ஊர் என்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் போடலாம், செலவு கணிசமாகக் கூடும். ஒரே ஒரு எச்சரிக்கை: யுபிஎஸ் வெளியீட்டைக் கொண்டுபோய் சோலார் இன்வெர்ட்டருக்கு ‘லைன் இருக்கிறது’ என்று காட்டி ஓட்டுவதாகச் சில எலக்ட்ரீஷியன்கள் சொல்வார்கள். வீட்டில் செலவாகாத மின்சாரம் யுபிஎஸ்ஸுக்குள் திருப்பி ஏறி அதை எரித்துவிடும்.

நல்ல வெயிலில், பதினொரு மணி முதல் இரண்டு மணி வரை இன்வெர்ட்டர் அடிக்கடி நின்று நின்று ஓடுகிறது. திரையில் ‘கிரிட் ஓவர் வோல்டேஜ்’ என்று வருகிறது. இன்வெர்ட்டரை மாற்ற வேண்டுமா?
வாசகர், தாராபுரம்

முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். மின்சாரம் உங்கள் வீட்டிலிருந்து லைனுக்குப் போக வேண்டுமானால் இன்வெர்ட்டர் தன் முனையில் லைனைவிடக் கொஞ்சம் கூடுதல் வோல்டேஜ் வைத்துத் தள்ள வேண்டும். லைனே ஏறியிருந்தாலும், இடையில் உள்ள வயர் மெலிந்திருந்தாலும் அது எல்லையைத் தாண்டி நின்றுவிடும்.

நண்பகலில் இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு மீட்டர் அருகே அளந்து பாருங்கள். வீட்டு இணைப்புக்கு 230 வோல்ட், அதிலிருந்து 6 சதவீதம் ஏற இறங்க இருக்கலாம். அதாவது 244 வரை சரி. அணைத்த நிலையிலேயே 250 காட்டினால் கோளாறு வெளியே. பகலில் மோட்டார்கள் ஓடாத நேரம், டிரான்ஸ்ஃபார்மருக்கு மிக அருகில் இருக்கும் வீடுகளில் இப்படி வரும். எழுத்தில் புகார் கொடுங்கள். வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் ‘டேப்’ வசதியுள்ள டிரான்ஸ்ஃபார்மர் என்றால் அதைக் குறைத்து வைப்பார்கள்.

அணைத்தால் 238, ஓடும்போது இன்வெர்ட்டர் முனையில் 255, ஆனால் மீட்டர் அருகே 240 என்றால் குற்றவாளி உங்கள் வயரோ தளர்ந்த முனையோதான். 3 கிலோவாட்டுக்கு 13 ஆம்பியர் ஓடும். மாடியிலிருந்து மீட்டர் வரை 30 மீட்டர் என்றால், போகவர 60 மீட்டரில் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 6 வோல்ட்டைத் தின்னும். 4 போட்டால் 4 வோல்ட், 6 போட்டால் இரண்டரை. இதற்கு மேல் பத்து, பதினைந்து வோல்ட் காணாமல் போனால் எங்கோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது. அந்த இடம் சூடாகவும் இருக்கும். மெயினை அணைத்துவிட்டு எம்சிபி, ஐசொலேட்டர் முனைகளை ஒவ்வொன்றாக முடுக்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டரின் மேல் எல்லையைக் கூட்டி வைத்துவிட்டுப் போவது நோயை விட்டு ஜுரத்தை மட்டும் தணிப்பது. உங்கள் ஃப்ரிட்ஜும் டிவியும் அதே வோல்டேஜில்தான் ஓடுகின்றன.

ஆப்பில் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் உற்பத்தி என்கிறது. பில்லில் ஏற்றுமதி 430 மட்டுமே. 270 யூனிட் எங்கே போயிற்று?
வாசகர், திருநெல்வேலி

உங்கள் வீட்டுக்குள்தான் போயிற்று. ஆப் காட்டுவது இன்வெர்ட்டர் உற்பத்தி செய்த அனைத்தும். மின்வாரிய மீட்டர் பார்ப்பது வாசலைத் தாண்டி வெளியே போனது மட்டும். பகலில் ஃப்ரிட்ஜும் மோட்டாரும் நேரடியாக எடுத்துக்கொண்ட 270 மீட்டர் கண்ணிலேயே படாது. பில்லில் இறக்குமதி 520 என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக, வீட்டின் உண்மையான செலவு 270 + 520 = 790 யூனிட். பில் போடுவது 520 கழித்தல் 430, அதாவது 90 யூனிட்டுக்கு.

உற்பத்தியிலிருந்து ஏற்றுமதியைக் கழித்து வரும் எண் திடீரென்று ஏறினால் கவனியுங்கள். வீட்டில் ஏதோ ஒன்று அதிகமாக இழுக்கிறது, அல்லது மீட்டரில் கோளாறு.

சித்திரை வைகாசியில்தான் அதிகம் வர வேண்டும், ஏன் மாசி பங்குனியைவிடக் குறைகிறது என்ற சந்தேகத்துக்கும் பதில் உண்டு. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு பகை. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.35 சதவீதம் குறையும். கத்திரி வெயிலில் பேனல் 60, 65 டிகிரிக்குப் போகும், பத்து சதவீதத்துக்கு மேல் போய்விடும். கீழே காற்றோட்டம் இருந்தால் கொஞ்சம் தப்பிக்கலாம்.

எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. பேனலை எப்படிக் கழுவுவது?
வாசகி, ராமநாதபுரம்

உப்புத் தண்ணீரில் கழுவாதீர்கள். காய்ந்ததும் வெள்ளைப் படலம் ஒட்டிக்கொள்ளும், பிறகு தேய்த்தாலும் போகாது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்தால் போதும், அதில் உப்பே இல்லை. ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீர் கூடாது, அது இன்னும் மோசம். மழையில்லாத மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, விடியற்காலையில், நீளக் கம்பு மாப்பால் துடையுங்கள். சோப்புத் தூள் வேண்டாம். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது. பேனல் மேல் ஏறி நிற்கவே கூடாது. கண்ணாடி தாங்கும், உள்ளே செல் விரிசல் விடும். காக்கை எச்சத்தை மட்டும் பதினைந்து நாள் விடாமல் பார்த்த அன்றே எடுங்கள்.

மின் இணைப்பு காலமான என் அப்பா பெயரில் இருக்கிறது. மானியத்தைக் கழித்துக்கொண்டே விலை சொல்வதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
வாசகர், சேலம்

பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். வாரிசுச் சான்றிதழும் வீட்டு வரி ரசீதும் எடுத்து வையுங்கள். சூர்ய கர் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் விண்ணப்பம் மின் இணைப்பு எண்ணின் பேரில்தான் போகும்; பில்லில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர் என்றால் கடைசியில் மானியம் அங்கேதான் மாட்டும். 10 கிலோவாட் வரை தனியாகச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்று 2024 விதித்திருத்தம் சொல்வதால் மற்ற படிகள் வேகமாக நகரும்.

மானியம் என்பது வேலை முடிந்து, நெட் மீட்டர் (ஏற்றுமதி, இறக்குமதி இரண்டையும் அளக்கும் மீட்டர்) மாட்டி, ஆய்வு ஆன பிறகு உங்கள் கணக்கில் நேராக விழுவது. ‘கழித்துக்கொண்டேன்’ என்பவரிடம் முழு விலை என்ன என்று எழுதி வாங்குங்கள். இந்தியாவில் செய்த செல் கொண்ட பேனலுக்கு மட்டுமே மானியம் உண்டு. மலிவாகச் சொன்ன விலை இறக்குமதிச் செல்லுக்கானதாக இருந்தால் பணம் வராது.

ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் போடலாமா?
வாசகர், விருதுநகர்

கூரைமேல் கூடாது. அந்தத் தகடு ஆள் எடையையே தாங்காது, துளையிட்டால் வரும் தூசி நுரையீரலுக்குக் கேடு. சுவர்மேல் அல்லது தரையிலிருந்து எழுப்பிய இரும்புச் சட்டத்தில், கூரையைத் தொடாமல் நிறுத்தலாம்.

வேலை முடிந்துவிட்டது என்கிறார்கள். கடைசித் தவணை கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?
வாசகி, திருச்சி

கடைசித் தவணை என்பது நெட் மீட்டர் மாட்டிய பிறகு கொடுப்பது. மொத்தத்தில் பத்து, பதினைந்து சதவீதமாவது அதுவரை உங்களிடம் இருக்கட்டும்.

எர்த்திங் மூன்று தனித்தனியாக இருக்க வேண்டும்: இடிதாங்கிக்கு ஒன்று, பேனல் சட்டத்துக்கும் பேனல் மின்சாரம் வரும் டிசி பக்கத்துக்கும் ஒன்று, வீட்டு மின்சாரம் ஓடும் ஏசி பக்கத்துக்கு ஒன்று. மூன்றையும் ஒரே குழியில் முடித்துவிடுவது இங்கே சகஜம். அப்படிச் செய்தால் இடிதாங்கி வாங்கிய மின்னல் இன்வெர்ட்டருக்குள் வரும். கருவி வைத்து அளந்து 5 ஓமுக்குக் கீழே காட்டச் சொல்லுங்கள்.

பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டர்களில் ஆணும் பெண்ணும் ஒரே தயாரிப்பாக இருக்கட்டும். வேறு வேறு தயாரிப்பும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும், ஆனால் உள்ளே சரியாகப் பிடிக்காது. சில வருடங்களில் சூடாகி உருகும். டிசியில் பொறி ஒருமுறை பிடித்தால் தானாக அணையாது. ஆறு பேனல் வரிசையில் 270 முதல் 300 வோல்ட் நிற்கும், வெயில் இருக்கும் வரை அதை அணைக்க சுவிட்ச் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் கனெக்டரை உருவக் கூடாது என்று வீட்டிலும் சொல்லி வையுங்கள். வயர்கள் தளத்தில் கிடக்காமல் பேனல் சட்டத்தோடு கட்டி, குழாய்க்குள் இறங்க வேண்டும். சாதாரண வெள்ளை நைலான் டேக் வெயிலில் ஒரே வருடத்தில் பொடியும், எவர்சில்வர் டேக் கேளுங்கள்.

ஒவ்வொரு பேனலின் வரிசை எண்ணும் பில்லிலும் சான்றிதழிலும் உள்ளதோடு பொருந்த வேண்டும். மானியத்துக்கும் 25 ஆண்டு வாரன்டிக்கும் அந்த எண்தான் ஆதாரம். அந்த ஸ்டிக்கர் பெரும்பாலும் பின்பக்கம் இருக்கும். தாழ்வாகப் போட்ட மாடியில் மாட்டிய பிறகு படுத்துப் பார்த்தால்தான் தெரியும். உங்களுக்கு இப்போது அந்த வேலைதான். மற்றவர்கள், வண்டியிலிருந்து இறக்கும்போதே கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.